தேருக்கு மறுநாள் மாறிப்போன கோப்புகள்

“ஒண்ணுமில்லை” என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே காது விடைத்துக்கொள்ளும். ஒன்றுமே இல்லாத இடத்தில் அதைச் சொல்லவேண்டிய அவசியம் எங்கே வந்தது? இந்தப் புத்தி பிறவியிலேயே இருந்ததா, வேலைக்குப் போய் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ராஜபாளையம் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் ஒருவர் என் தலை தெரிந்ததுமே, “எஸ்தரம்மா வாராக, தராசைத் தொடைச்சு வைய்யி” என்று மனைவிக்குக் குரல் கொடுப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே தராசு முள்ளையும் பார்ப்பேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் அங்கே இப்போது இருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வீட்டுக்கு வந்தார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். யாருக்கும் இல்லையாம், சும்மா பார்க்க வந்தார்களாம். அதையும் முழுசாக நம்பாமல்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பேச்சு வேலைப் பக்கம் திரும்பியது. சர்வரில் எந்தக் கோப்பு மாறினாலும் எச்சரிக்கை வருமே, அதை இப்போது ஒரு புது மென்பொருளே பார்த்து, ‘ஆபத்தில்லை’ என்று தானே முடிவு செய்து, தானே மூடிவிடுகிறதாம். “எங்களுக்கு வேலையே இல்ல மேடம்” என்றான் ஒருவன், பெருமையாக.

“அது சொல்றது சரிதானான்னு யாருப்பா பாக்கா?” என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெண், “மேடம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ்ல தேருக்கு மறுநா என்னமோ நடந்துச்சாமே, அத எழுதிக் குடுங்களேன்” என்றாள். ஆளுக்கு ஆள் ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நடந்ததையாவது நடந்தபடி எழுதிவைப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, மில் ஆபீசில் புள்ளிவிவரம் அடிக்கிறவளாகச் சேர்ந்தேன். கணினி வந்தபோது என்னை மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அங்கே கற்றது கொஞ்சம், திரும்பி வந்து கெடுத்துக் கற்றது நிறைய. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

என் சந்தேகப் புத்திக்கு முதலில் மரியாதை வாங்கிக் கொடுத்தது காற்றின் ஈரம். நூற்பு அறையில் காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து அளவைக் குறிப்பார்கள், நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். ஒரு சூப்பர்வைசர் கொடுக்கும் அளவு மட்டும் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அசையாமல் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியாமல் அறைக்குள் போய்ப் பார்த்தேன். மீட்டரின் முள் என்றைக்கோ ஒட்டிப்போய்க் கிடந்தது. மனுஷன் பொய் சொல்லவில்லை, முள் நின்ற இடத்தைத்தான் நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். பொய்யே சொல்லாத ஆளிடமிருந்தும் தப்பான தகவல் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி ஸ்கேனர். காகிதத்தைப் படமெடுக்கும் பெட்டி இல்லை இது, சர்வரைக் காவல் காக்கும் மென்பொருள். சர்வரை நடத்துவதற்கென்று ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ளே இருக்கும். சாதாரணமாக யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள். இந்த ஸ்கேனர் ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்து, அதற்கென்று ஒரு கைரேகை எடுத்து வைத்துக்கொள்ளும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். தினமும் காலையில் மறுபடி ரேகை எடுத்துப் பழையதோடு ஒப்பிடும், மாறியிருந்தால் கத்தும். கள்ளன் உள்ளே புகுந்தால் முதலில் இந்தக் கோப்புகளைத்தான் மாற்றுவான். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கோப்பையே மாற்றிவிட்டால், அவன் இருப்பதே நமக்குத் தெரியாது அல்லவா?

எங்களிடம் பேண்டேஜ் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால்தான் இதைப் போட்டோம். போட்ட புதிதில் தொட்டதற்கெல்லாம் கத்தியது. நாங்களே புதுப்பித்த கோப்புக்கும் கத்தும், பிரிண்டர் மாற்றினாலும் கத்தும். பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதென்று தாண்டவும் முடியாது. அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டேன். சத்தம் வந்தால் முதலில் எதையும் தொடக்கூடாது. அப்படியே ஒரு நகல் எடுக்கவேண்டும். பிறகு, நாமே மாற்றினோமா என்று கேட்கவேண்டும். பத்துக்கு ஒன்பது தரம் நாம்தான். நாம் இல்லை என்றால் கோப்பு மாறிய தேதியையும் அளவையும் பார்க்கவேண்டும், யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பார்க்கவேண்டும். அதற்கும் பிறகுதான் மனிதர் பெயரை வாயில் எடுக்கலாம்.

இந்தக் கடைசி விதியில்தான் எனக்கும் எங்கள் பொது மேலாளருக்கும் முட்டிக்கொண்டது.

வேங்கடபதி சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதிரே நிற்பவர் பேசி முடித்ததும் “அப்புறம்?” என்பார். அவ்வளவுதான். கையில் ஒரு சீவின பென்சிலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். சொல்வதற்கு ஒன்றுமில்லாதவன்கூட அந்த “அப்புறம்?” தாங்காமல் எதையாவது உளறிவிடுவான். பஞ்சு வியாபாரிகள் பலபேர் அவரிடம் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். தன் கணிப்பு தப்பாது என்று அவருக்கு நம்பிக்கை வந்ததும் அதனால்தான். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மில்லில் ஒரு தொழிலாளிக்கு விரல் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர் அவர்.

பேண்டேஜ் துணிக் கணக்கும் தரச் சோதனைப் பதிவுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் இருந்த சர்வரில் இருந்தன. அந்த ஆபீஸ் ரத வீதியில் ஒரு மாடி. அங்கே கணினிப் பொறுப்பு பேச்சியம்மாளுடையது. வன்னியம்பட்டிக்காரி. முப்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவள் தம்பி ராஜபாளையத்தில் எங்களுக்குப் போட்டியான ஒரு மில்லில், அதே கணினி வேலையில் இருந்தான். வாய்த்துடுக்கு உண்டு, வேலை சுத்தம். என்னை ‘மேடம்’ என்று கூப்பிடச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்ட பிறகும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஆடிப்பூரத் தேரன்று மாவட்டத்துக்கே விடுமுறை. ஆனால் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ் மட்டும் திறந்திருக்கும். மாடி ஜன்னலில் நின்றால் தேர் கண்ணுக்கு நேராக வரும். முதலாளி வீட்டாரும் மேனேஜர்கள் வீட்டாரும் அங்கே வந்து தரிசனம் செய்வது வழக்கம். கீழே வாசலில் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். தேர் நகரும்போது வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், முன்னதாகவே சர்வரை முறைப்படி அணைத்து, தேர் போனபின் மறுபடி போடுவது பேச்சியின் வேலை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டில் பிறந்த நான் அந்த மாடிக்குத் தேரன்று போனதில்லை. சர்வர் அணைந்ததும் எழுந்ததும் மறுநாள் ராஜபாளையத்தில் என் திரையில் தெரியும், அது போதும் எனக்கு.

அந்த வருடம் தேருக்கு மறுநாள் காலையில் ஸ்கேனர் கத்தியது. சர்வரை நடத்தும் கோப்புகளிலேயே ஒரு கொத்து மாறியிருந்தது.

பேச்சிக்குப் போன் போட்டேன். “ஏட்டி, நேத்து எதையாச்சும் புதுப்பிச்சியா?”

“இல்லக்கா. அணைச்சேன், போட்டேன். அம்புட்டுத்தான்.”

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நகல் எடுத்தேன். தேதி பார்த்தேன், மாறவில்லை. அளவு பார்த்தேன், மாறவில்லை. ரேகை மட்டும் மாறியிருந்தது. சில்லறைக் கள்ளன் கோப்பை மாற்றினால் தேதி மாறும். தேதியையும் அளவையும் பழையபடியே வைத்துவிட்டுப் போகிறவன் தொழில் தெரிந்தவன். யார் உள்ளே வந்தார்கள் என்று பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, பேச்சியம்மாள்.

“சர்வர் கேபினுக்குள்ள நேத்து யாரு போனா?” என்று கேட்டேன். ஜன்னலோரமாகக் கண்ணாடி வைத்துத் தடுத்த சின்ன அறை அது. பேச்சியையும் என்னையும் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

“யாரும் போகலக்கா.”

கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. பேச்சி என்னைப் பார்க்காமல் அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னாள். இவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

வேங்கடபதி சாரிடம் சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னேன். “அப்புறம்?” என்றார். பேச்சி பொய் சொல்வதுபோல் எனக்குப் பட்டதை மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பட்டது என் வரையில் இருக்கட்டும், நிரூபித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் அவரே கேட்டார், “அந்தப் பொண்ணோட தம்பி எங்க வேலை பாக்கிறான்?”

மறுநாள் சர்வரை அணைத்துப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். நேற்று மாறியிருந்த கோப்புகள் எல்லாம் சரியாகிவிட்டன! அவற்றுக்குப் பதிலாக வேறு சில கோப்புகள் மாறியிருந்தன. என் அனுபவத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. நேற்றைய கள்ளன் இன்றைக்கு நல்லவன், நேற்றைய நல்லவன் இன்றைக்குக் கள்ளன்.

“பாத்தீங்களா? நாம தேடுறது தெரிஞ்சு, எடுத்தத எடுத்த எடத்துல திருப்பி வைக்கிறா” என்றார் வேங்கடபதி சார். “நாம தேடுறது யாருக்குத் தெரியும்? உங்களுக்கு, எனக்கு, அவளுக்கு.”

நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அன்றைக்கே பேச்சியின் பாஸ்வேர்டை ரத்து செய்யச் சொன்னார். ஆபீசில் பத்துப்பேர் பார்க்க, “நீ கீழ போய் உக்காரு, கூப்பிடும்போது வா” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் போலீசில் புகார் என்றும் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேன் நாற்காலி ஒன்று உண்டு. பேச்சி தன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். போலீஸ் புகார் ஒன்று விழுந்துவிட்டால், ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வரைக்கும் ஒரு மில்லும் அவளைக் கணினிப் பக்கம் விடாது. தம்பி வேலையும் சேர்ந்து போகும். அது அவளுக்கும் தெரியும், வேங்கடபதி சாருக்கும் தெரியும்.

நான் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இனி வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமுடியாது. பேச்சியும் கீழே இருக்கிறாள். மறுபடி அணைத்துப் போட்டு ஸ்கேன் செய்தேன். மறுபடியும் கோப்புகள் இடம் மாறின.

“கீழ இருந்தே செய்வா, இல்ல அவ தம்பி செய்வான்” என்றார் சார்.

“கேபிளே இல்லையே சார்.”

“அப்ப முன்னாடியே உள்ள எதையோ வச்சிட்டுப் போயிருக்கா.”

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. கேபிள் இருந்தாலும் அவள்தான், இல்லாவிட்டாலும் அவள்தான். கோப்பு மாறினாலும் அவள்தான், சரியானாலும் அவள்தான். ஒட்டிப்போன மீட்டர் முள்ளும் இப்படித்தான் எந்த வெயிலுக்கும் ஒரே அளவைக் காட்டியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சார், தேரன்னைக்கு இந்தக் கட்டடத்துல இருந்தவங்க எல்லார் மேலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு” என்றேன். “நீங்களும் அன்னைக்கு இங்கதான இருந்தீங்க?”

வாயை விட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. பென்சில் அவர் கையில் அப்படியே நின்றது. “இருந்தேன். கீழ, வாசல்ல. மாடிக்கு வரல” என்றார். பிறகு, “அப்புறம்?” என்றார். நான் ஒன்றும் உளறாமல் எழுந்து வந்தேன். அவர் “அப்புறம்?” கேட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தது அந்த ஒரு தடவைதான்.

படியிறங்கும்போது பேச்சி நாற்காலியை விட்டு எழுந்தாள். அழவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

“அக்கா, எம் பிள்ளைக மேல சத்தியமா நான் எதையும் மாத்தல.”

“சத்தியத்த வச்சு நான் என்னத்த செய்ய? கேபினுக்குள்ள யாரு போனா? அதச் சொல்லு.”

வீதியைப் பார்த்தாள். தேர்க்கால் போன தடம் இன்னும் ரோட்டில் இருந்தது. “யாரும் போகலக்கா” என்றாள் மறுபடியும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இப்போதுமா பொய்? ஆனால் ஒன்று மட்டும் மனதில் பட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறவள், ‘யாரோ போனாங்க, நான் பாக்கல’ என்று சொல்லி நழுவியிருப்பாள். இவள் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு நிற்கிறாள். வேறு யாரையோ காப்பாற்றுகிறாள். தம்பியையா?

அன்று மத்தியானம் சர்வரின் டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, கைப்பையில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். எங்கள் தலைமை ஆபீசில் இருந்த வேறொரு கணினியில் அதை மாட்டி, அங்கே வைத்து ரேகை எடுத்தேன். எல்லாக் கோப்பும் சரி. ஒன்றுகூட மாறவில்லை. நம்பாமல் மறுபடி எடுத்தேன். மறுபடியும் சரி. அணைத்துப் போட்டு எடுத்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். யாருமே எதையும் மாற்றவில்லை என்றல்லவா அர்த்தம்? டிஸ்க்கில் இருக்கும் கோப்பு அப்படியே இருக்கிறது. படிக்கும்போதுதான் மாறித் தெரிகிறது. கணினி எந்தக் கோப்பையும் டிஸ்க்கிலிருந்து எடுத்து மெமரியில் வைத்துத்தான் படிக்கும். அந்த மெமரியில் ஓர் ஓரம் கெட்டிருந்தால், அந்த ஓரத்தில் எந்தக் கோப்பு வந்து உட்காருகிறதோ அது மாறித் தெரியும். அணைத்துப் போட்டால் வேறு கோப்பு அங்கே போய் உட்காரும். அதனால்தான் கள்ளனும் நல்லவனும் தினம் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் ஒழுங்காக இருந்த மெமரி தேரன்றைக்குப் பார்த்து ஏன் கெடவேண்டும் என்பதுதான் பாக்கி.

வேங்கடபதி சாருக்குப் போன் செய்து, “பெட்டியைத் திறக்கப்போறேன்” என்றேன்.

“நானும் வரேன். என் கண் முன்னாடி திறங்க” என்றார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன் அல்லவா, அவரும் என்னைச் சந்தேகப்பட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை, அதுதான் சரி.

மறுநாள் காலையில் கேபினுக்குள் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தச் சர்வர் தரையில் நிற்கிற ரகம், முழங்கால் உயரப் பெட்டி. மேல்மூடியில் சூடு வெளியேற வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்ததும் முதலில் மூக்கில் ஏறியது வாசனை. சுக்கு, ஏலக்காய். சர்வருக்குள்ளிருந்து ஏலக்காய் வாசமா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்வெட்டிலிருந்து மெமரி மாட்டியிருந்த இடம் வரைக்கும் பழுப்பாக ஒரு வழிசல் காய்ந்து பளபளத்தது. அதன் மேல் எறும்புகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. விரலால் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது.

“பானகம்” என்றேன்.

மின்சாரம் நின்று சர்வர் அணைந்திருந்த நேரத்தில் சிந்தியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது சிந்தியிருந்தால் அப்போதே புகைந்து போயிருக்கும். வெல்லம் காய்ந்து ஒட்டிக்கொண்டு, எறும்பும் சேர்ந்து, மெமரியின் ஓர் ஓரத்தை மட்டும் கெடுத்திருக்கிறது.

வேங்கடபதி சார் எழுந்து வந்து குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு மெதுவாக, “பச்சைக் கற்பூரம்” என்றார். எனக்குப் புரியவில்லை. “இந்த ஊர்ல எல்லாரும் பானகத்துல சுக்கு, ஏலக்காய் போடுவாங்க. பச்சைக் கற்பூரம் தூக்கலாப் போடுறது எங்க அம்மா மட்டுந்தான். வேண்டாம்னா கேக்கமாட்டாங்க” என்றார்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள், எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்த அம்மாளின் குரல் மட்டும் வெளியே கணீரென்று கேட்டது. பேசி முடித்ததும் அவரே தமிழில் சொன்னார். முட்டிவலியால் அம்மாவால் நிற்க முடியவில்லையாம். இவர் மனைவிதான் பேச்சியிடம் சொல்லிக் கண்ணாடி அறையைத் திறக்கச் செய்து, ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தாளாம். பானகக் குடத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “பக்கத்துல ஒரு குட்டைப் பெட்டி இருந்துச்சே, வைக்கிறதுக்கு வாகா. அதுமேலதான்” என்றாளாம் அம்மா. டம்ளரில் ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியதாம், முந்தானையால் துடைத்துவிட்டாளாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று நாளாக நான் வெளிநாட்டுக் கள்ளனையெல்லாம் நினைத்துப் பயந்து சாகிறேன், ஒரு பெண்ணின் பிழைப்பு படிக்குக் கீழே நாற்காலியில் கிடக்கிறது, இங்கே பார்த்தால் குடம் வைக்க வாகாக ஒரு குட்டைப் பெட்டி!

அப்போதும் நான் நம்பிவிடவில்லை. கெட்ட மெமரியை எடுத்துவிட்டு, புதியதை வேறு இடத்தில் மாட்டி, டிஸ்க்கைப் போட்டு ஸ்கேன் செய்தேன். சத்தமில்லை. அணைத்துப் போட்டுச் செய்தேன், சத்தமில்லை. சார், “போதும் எஸ்தர்” என்கிற வரைக்கும் செய்துகொண்டே இருந்தேன்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொரு இடைஞ்சல். முதல் நாளே என் வீட்டுக்காரர் எச்சரித்திருந்தார், “தேரன்னைக்கு நடந்த விஷயம், எழுதப்போறது எஸ்தர். நாலு பேரு வேற மாதிரிப் பேசுவான், பாத்து எழுது.” அது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ‘பானகம்’ என்றே எழுதிச் சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஈரம் புகுந்ததுன்னு போட்டா போதாதா?” என்று கேட்டார்.

“போதாது சார். ஈரம்னா, யார் விட்ட ஈரம்னு நாளைக்குக் கேப்பாங்க. கேட்டா, பேச்சி பேருதான் முதல்ல வரும்.”

அந்தத் தாளை மறுபடி படித்தார். பிறகு பென்சிலை எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ‘பானகம்’ என்ற சொல்லுக்கு மேலே, ‘பொது மேலாளர் வீட்டார் கொண்டுவந்தது’ என்று எழுதிச் சேர்த்தார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றுவரைக்கும் மரியாதை இருக்கிறதென்றால் அந்த ஒரு வரிக்காகத்தான்.

கீழே ஆள் அனுப்பாமல் அவரே படியிறங்கிப் போய்ப் பேச்சியை அழைத்துவந்தார். அன்றைக்கு யார் யார் முன்னால் அவளைக் கீழே போகச் சொன்னாரோ, அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். “தப்பு எங்க வீட்டுல நடந்தது. உன் மேல ஒண்ணும் இல்ல. புகாரும் கிடையாது. நீ உன் வேலையப் பாரு” என்றார்.

பேச்சி தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏட்டி, சாரோட அம்மாதான் உள்ள இருந்தாகன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? போலீசு வரைக்கும் போயிருக்குமே!”

“எப்பிடிக்கா சொல்ல? யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கீக. விட்டது என் தப்பு. அதுக்கு மேல, அவிய அம்மா உள்ள இருந்தாகன்னு சொன்னா, தப்பிக்கிறதுக்கு மேனேஜர் வீட்டு ஆளு மேல பழி போடுறா பாருன்னு ஆகும். ஏற்கெனவே கள்ளின்னு ஆயாச்சு, பொறவு நன்றிகெட்டவள்னும் பேரு வாங்கணுமா?”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் என்னையச் சந்தேகப்பட்டீகள்லக்கா?”

“ஆமாட்டி. மொதல்ல உன்னையத்தான்.”

“அது பரவாயில்லக்கா. சந்தேகப்பட்டதுனாலதான் தேடுனீக” என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், “சாருக்குத்தான் சந்தேகமே வரலையே” என்றாள்.

வேங்கடபதி சார் அதைக் கேட்டார். “அப்புறம்?” என்று அவர் கேட்கவில்லை.

பேச்சியின் கணக்கை நான் மறுபடி திறந்துகொடுத்தேன். பழைய பாஸ்வேர்டு ரத்தாகிவிட்டதால் புதிதாக ஒன்று போடவேண்டும். அவள் தன் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தாள். விசைப்பலகையில் கை வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“பாஸ்வேர்டு அடிக்கணும்க்கா. செத்த அங்கிட்டுத் திரும்புங்க.”

திரும்பிக்கொண்டேன். விசைச் சத்தம் வரவில்லை. அவள் இன்னும் காத்திருந்தாள்.

“சார், நீங்களும்.”

வேங்கடபதி சார் அத்தனை பேர் பார்க்கச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவள் அவசரமே படாமல் ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.